ஒயில் கூலாகும் என்று சொன்னால் பிரீதர் டியூபை வெட்ட விடாதீர்கள்

மலைநாட்டில் பைக் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஏத்தத்துல எஞ்சின் சூடாகுதா? பிரீதரை மாத்தி ஒயிலைக் கூலாக்கித் தாறேன்" என்று எந்தக் கராஜிலாவது சொன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பிரீதர் என்பது எஞ்சினின் உள்ளே சேரும் புகை வெளியேறும் வழி. நான் அப்படி வரவில்லை. 9,500 ரூபா கொடுத்துச் செய்துகொண்ட அந்த வேலை ஏழே வாரத்தில் எனக்கு 78,400 ரூபா செலவு வைத்தது.

என்னுடையது 2015இல் வாங்கிய 150 சிசி பைக். ரேடியேட்டர் கிடையாது, காற்றுப் பட்டுத்தான் எஞ்சின் ஆற வேண்டும். கந்தப்பளைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. சனி, ஞாயிறுகளில் மட்டும் டிப்ளோமா வகுப்புக்குக் கண்டி போக வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் பழைய பைக்குகளுக்கே என்ன விலை சொன்னார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இருக்கிற பைக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பில்தான் நான் அந்தக் கராஜுக்கே போனேன்.

கண்டியிலிருந்து திரும்பும்போது கம்பளை தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று ஏறி நுவரெலியாவைத் தொடும்போது கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். 1,300 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏறுகிறோம். இறம்பொடை வளைவுகளில் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டாம் கியரில்தான் போக வேண்டும். ஆஞ்சநேயர் கோவிலுக்கு அருகில் நிறுத்தும்போது சூடான ஒயில் வாடை மூக்கில் ஏறும். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை அந்தக் கராஜ்காரரிடம் சொன்னேன்.

"சேர், எஞ்சினுக்கு மூச்சு முட்டுது. உள்ள சூட்டுக் காத்து அடைஞ்சு கிடக்கு. வெளிக் காத்து ஒரு பக்கம் போய் மத்தப் பக்கம் வந்தா ஒயில் தானா கூலாகும். ரேஸ் பைக்குக்கெல்லாம் இப்படித்தான் செய்றது."

"கம்பனி போட்ட டியூபை வெட்டினா ஒண்ணும் ஆகாதா அண்ணே?"

"அது புகைச் சட்டத்துக்காகப் போட்டது சேர். எஞ்சினுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல."

இதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை ஏமாற்றியது. எரிந்த வாயுவில் கொஞ்சம் எப்போதும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, எஞ்சினின் அடிப்பகுதியான கிரேங்க் கேஸுக்குள் கசியும். அது வெளியேற ஒரு வழி வேண்டும், அந்த வழிதான் பிரீதர். அந்தப் புகையைக் காற்றில் விடாமல் எயார் கிளீனர் பெட்டிக்குக் கொண்டுபோய் மறுபடி எரிக்கிறார்கள். காற்று மாசுக்காகவே 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கார்களுக்கு இந்த ஏற்பாடு வந்தது. ஆனால் அந்த டியூப் செய்யும் வேலை அது மட்டுமில்லை. எயார் கிளீனருக்குப் பின்னால் இருப்பதால் எஞ்சின் உள்ளே மூச்சிழுக்கும்போது தூசியும் மழைத் தண்ணீரும் வராமல் அது காக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஜூன் முதல் வாரம் வேலை நடந்தது. எயார் கிளீனருக்குப் போகும் கறுப்பு ரப்பர் டியூபை நடுவில் வெட்டி, பெட்டிப் பக்கத்து ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்தார். மீதி டியூபில், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு சின்ன வன்வே வால்வை மாட்டிச் செயின் பக்கம் தொங்கவிட்டார். அப்புறம் வலது பக்கக் கிளட்ச் கவரில் இருக்கும் ஒயில் மூடியைக் கழற்றி, நடுவில் துளை போட்டு, விரல் பருமனில் ஒரு குட்டி ஃபில்டரைத் திருகினார். மூடியால் காற்று உள்ளே போகும், வால்வால் வெளியே வரும் என்பது அவர் கணக்கு. வால்வு மட்டும் 4,500 ரூபா, ஜப்பான் சாமான் என்றார். பில் கேட்டேன். "நமக்குள்ள என்ன சேர் பில்" என்று தோளில் தட்டினார். வெட்டிய டியூப் துண்டையும் நான் கேட்டு வாங்கவில்லை. இந்த இரண்டு தவறும் என்னுடையவை.

முதல் கிழமை பைக் நன்றாகத்தான் ஓடியது. அன்றைக்கே புது ஒயிலும் மாற்றியிருந்தார்கள். புது ஒயில் ஊற்றினால் எந்த எஞ்சினும் ஒரு வாரம் மென்மையாகத்தான் ஓடும். காலையில் கவரைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருந்தது. நுவரெலியாக் குளிரில், ஐந்து கிலோமீட்டர் ஓடி நிறுத்திய பைக்கின் கவர் வேறு எப்படி இருக்கும்? அதை நான் அவருடைய கைவண்ணம் என்று நம்பினேன்.

மூன்றாம் கிழமை வலது சப்பாத்தில் பொட்டுப் பொட்டாக ஒயில். மழை நாள் என்பதால் சேற்றோடு சேர்ந்து முதலில் தெரியவில்லை. பிறகு சைலன்சரில் பட்டுக் கருகும் வாடை. போன் செய்தேன். "புதுசா மூச்சு விடுது சேர், பழகிடும்" என்றார். அடுத்த முறை போன் எடுக்கவேயில்லை.

ஜூலைக் கடைசி ஞாயிறு, லபுக்கலைத் தேயிலை மலைக்கு மேலே, மூடுபனியில் ஏறிக்கொண்டிருந்தேன். முதலில் எஞ்சினின் தலைப்பக்கம் தையல் மெஷின் போல ஒரு டக்டக். நூறு மீட்டர் போவதற்குள் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. கிளட்சைப் பிடித்தேன், எஞ்சின் செத்துவிட்டது. கிக்கர் அசையவில்லை. பின் டயரில் ஒயில் பட்டிருந்ததை இறங்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். அந்தத் தொங்கு டியூபின் சொட்டுதான். இறக்கத்தில், இறம்பொடை வளைவில் அந்த டயர் வழுக்கியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பணத்தை விட இதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

லொறியில் ஏற்றி ராகலையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் அந்த ஒயில் மூடியை மட்டும் திருகி எடுத்து, அடிப்பக்கத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். மூடியின் உள்புறம் முழுக்க வெண்ணெய் போல, பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு பசை. விரலால் வழித்தெடுத்து என் உள்ளங்கையில் தடவினார். வழவழப்பே இல்லை. நீர்த்த கஞ்சி போலப் பிசுபிசுத்தது. "இது ஒயில் இல்ல தம்பி. பாதி தண்ணி." கீழே நட்டைக் கழற்றி வடித்தபோது ஒரு லீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அரை லீட்டருக்கும் சற்றுக் கூடத்தான் வந்தது. அதன் அடியில் தனியாகத் தண்ணீர் உருண்டு நின்றது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு முறையும் அதன் அடியிலுள்ள 150 சிசி காற்றைத் தள்ளுகிறது, மேலே போகும்போது திரும்ப இழுக்கிறது. 6,000 சுற்றில் ஓடினால் இது நொடிக்கு 100 தடவை. அந்த வால்வின் துவாரமோ தீக்குச்சிப் பருமன். அதற்குள் இவ்வளவு காற்று எப்படிப் போகும்? ஆகவே போக்கும் வரத்தும் பெரும்பாலும் மூடியின் துளை வழியாகவே நடந்தன. கிளட்ச் சுற்றி ஒயிலை வாரி அடிக்கும் இடம் அது. வெளியே போகும்போது ஒயில் துளியோடு போகும், உள்ளே வரும்போது நம் ஊர் மூடுபனியோடு வரும்.

போதாததற்கு, ஒரு லீட்டர் பெட்ரோல் எரிந்தாலே ஏறக்குறைய ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சரால் போனாலும் கொஞ்சம் ரிங் தாண்டிக் கீழே வரும். ஒயில் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகி வெளியேறும். ஆறு கிலோமீட்டர் பாடசாலைப் பயணத்தில், 16 பாகைக் குளிரில், ஒயில் அந்தச் சூட்டுக்கே வருவதில்லை. வாரநாள் முழுக்க என் எஞ்சினுக்குக் குறையாக இருந்தது சூடுதான். நான் காசு கொடுத்து அதற்கு இன்னும் ஈரத்தை ஊட்டியிருக்கிறேன்.

சரி, அந்தக் காற்று ஒயிலைக் குளிர்விக்கவாவது செய்ததா? வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நுவரெலியா உயரத்தில் ஒரு லீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு லீட்டர் ஒயில் 870 கிராம் அளவில் இருக்கும், கிராமுக்குக் கிராம் காற்றைப் போல இரு மடங்கு வெப்பத்தையும் பிடித்துவைக்கும். 20 பாகையில் உள்ளே வரும் காற்று 80 பாகையில் வெளியேறுகிறது என்று வைத்தாலும், ஒரு லீட்டர் ஒயிலில் ஒரே ஒரு பாகையைக் குறைக்க 30 லீட்டர் அளவு புதுக்காற்று வேண்டும். ஏற்றத்தில் எரியும் எஞ்சின் அந்த ஒரு பாகையைச் சில நொடியில் திரும்ப ஏற்றிவிடும். அதுவும் என் பைக்கில் பெரும்பாலும் அதே காற்றுத்தான் மூடியில் போய் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சூட்டை வெளியே கொட்டுவது சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடு தகடான ஃபின்கள், கீழே ஒயில் நிற்கும் அலுமினிய உடம்பு, இருந்தால் ஒயில் கூலர். பிரீதருக்கு அந்த வேலை கிடையாது.

வன்வே வால்வ் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. மெல்லிய தகடு திறந்து மூடும் ஒழுங்கான ரீட் வால்வைச் சரியான அளவில் போட்டால் கிரேங்க் கேஸின் அழுத்தம் குறையும், பிஸ்டனுக்கு அடியில் வீணாகும் சக்தி மிச்சமாகும், சீல்களில் ஒயில் கசிவதும் குறையும். சில பைக்குகளில் கம்பனியே போட்டு விடுகிறது. ஆனால் அதன் நோக்கமே காற்றை வெளியே மட்டும் விடுவது. வெளியேற ஒரு வால்வைப் போட்டுவிட்டு உள்ளே வர மூடியில் துளையும் போட்டால் அந்த வால்வுக்கு அர்த்தமே இல்லை. இதை எனக்கு விற்றவருக்கு அது என்னவென்றே தெரிந்திருக்கவில்லை.

அந்த ஜப்பான் சாமான் என்ன தெரியுமா? நுவரெலியாவில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றில், என் மகளுக்கு மீன் வாங்கப் போன இடத்தில், கண்ணாடி அலுமாரிக்குள் அதே பச்சை வெள்ளைப் பிளாஸ்டிக் வால்வ், அதே அம்புக்குறி. மீன் தொட்டியின் காற்று டியூபில் தண்ணீர் திரும்பி வராமல் மாட்டுவது. விலை 120 ரூபா. ஒன்றை வாங்கிக் கழற்றியதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

எஞ்சின் பிரித்தபோது பிஸ்டனில் நீளக் கீறல், சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டும், கனெக்டிங் ரொட் பேரிங் போயிருந்தது, கேம் பக்கமும் தேய்மானம். பார்ட்ஸ், லேத் வேலை, கூலி, லொறிக் காசு எல்லாம் சேர்த்து 78,400. டிப்ளோமாவின் அடுத்த தவணைப் பணம் அது.

கராஜுக்குப் போய்க் கேட்டேன். "நீங்க ஒயில் பார்க்காம ஓட்டினா நான் என்ன சேர் செய்றது" என்றார். ஒயில் பார்க்காதது என் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒயில் போன ஓட்டையைப் போட்டவர் அவர். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கம் நினைவுக்கு வந்தது, காட்டுவதற்கு என் கையில் பில் இல்லை. கடைசியில் மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்தேன். துளை போட்ட மூடியையும் இரண்டு வால்வையும் மேசையில் வைத்தேன், ராகலை பாஸ் கூடவே வந்து பேசினார். வாங்கிய 9,500ஐயும் மேலே 20,000ஐயும் இரண்டு தவணையில் தருவதாக இணக்கம். முதல் தவணை வந்துவிட்டது. இணங்கி வந்தவரின் பெயரை எழுதுவது முறையில்லை என்பதால்தான் கராஜின் பெயரோ ஊரோ இங்கே இல்லை.

செகண்ட்ஹேண்ட் பைக் வாங்கப் போகிறவர்கள் எயார் கிளீனர் பெட்டிக்குள் போகும் அந்த ரப்பர் டியூபைக் கையால் தடவிப் பாருங்கள். முழுசாக இருக்கிறதா, எங்காவது அடைத்திருக்கிறதா என்று. ஒயில் மூடியைத் திருகி அடிப்பக்கத்தையும் பாருங்கள். கொஞ்சம் வெண்பசை மழைக்காலத்தில் குளிர் இடங்களில் வருவதுதான், நீண்ட ஓட்டம் ஒன்று ஓடினால் போய்விடும். போகாமல் கூடிக்கொண்டே வந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஏற்றச் சூட்டுக்கு ராகலை பாஸ் எனக்குச் சொன்னது ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ். ஃபின்களுக்கு இடையே வருடக்கணக்கில் சேர்ந்த சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து சுரண்டினேன். கம்பனி சொன்ன தரத்தில் ஒயில், லொறிக்குப் பின்னால் கியரை இறக்கி நிதானமாக ஏறுவது, கோவிலடியில் பத்து நிமிடம் நிறுத்துவது. வேறு ஒன்றும் செய்யவில்லை. போன ஞாயிறு இறம்பொடையில் நிறுத்திக் குனிந்து மோந்து பார்த்தேன். பழைய வாடை இல்லை. ஒயில் கண்ணாடியில் அளவு கோட்டுக்குக் கோடு நின்றது. சப்பாத்தும் காய்ந்துதான் இருந்தது.