150 வாட்டை விட்டு 100 வாட்டுக்கு வந்த கதை

வீட்டுத் திரையரங்கின் ஸ்பீக்கர்களையெல்லாம் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு ரிசீவர் என்று பெயர். என் முதல் ரிசீவரை நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். இரண்டாவதுடன் இது மூன்றாம் ஆண்டு. பழையது வந்த அட்டைப் பெட்டியில் சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான ஒலித்தடத்துக்கு, 150 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புதியதில் 100 வாட்தான். ஆனால் தூக்கிப் பார்த்தால் புதியதுதான் கனம்; சண்டைக் காட்சிகளில் ஒலி கரகரக்காமல் நிற்பதும் இதில்தான். கணக்கு எங்கே உதைக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

விடை கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. பழையதன் 150 வாட், 6 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கர் கணக்கில், ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், 10 சதவீதத் திரிபோடு (ஒலி சிதையும் அளவு) அளந்தது. புதியதன் 100 வாட், 8 ஓமில், இரண்டு சேனல்களை ஒருசேர இயக்கி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதத் திரிபுக்குள் அளந்தது. ஒன்று பதரோடு அளந்த நெல், மற்றது தூற்றியபின் அளந்தது.

சரி, இரண்டையும் ஒரே முறையில் அளந்திருந்தால்? அப்போதும் 100க்கும் 150க்கும் இடையே 1.8 டெசிபல்தான் வித்தியாசம். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். உணர்திறன் (ஒரே வாட்டுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) 87 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 உள்ளதை வாங்கினால், ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். இது தெரியாமல் வாட்டுக்குப் பணம் கொடுத்தவன் நான்.

உண்மையில் பெரிய மாற்றத்தைத் தந்தவை வசதிகள்தான். எல்லா வசதிகளும் அல்ல. இசையரங்கம், விளையாட்டுத் திடல் என்று வரிசையாக வரும் செயற்கை ஒலி முறைகளை ஒரு வாரத்துக்குப் பின் நான் தொடவே இல்லை. அறைக்கேற்ற ஒலிச் சீரமைப்பு வேறு ரகம்: ரிசீவர் சோதனை ஒலிகளை எழுப்பி, மைக் வழியே கேட்டு, அறைக்குத் தக்கபடி ஒலியைத் திருத்தும். மைக்கைச் சோபாவில் ஓரிடத்தில் மட்டும் வைத்து முதலில் அளந்தேன். வசனம் மூக்கால் பேசுவதுபோல் கேட்டது. பிறகு காது உயரத்தில், முக்காலியில் பொருத்தி, எட்டு இடங்களில் பொறுமையாக அளந்தேன். நடு ஸ்பீக்கரின் பேச்சு தெளிந்தது. ஒன்று மட்டும் கையால் திருத்த வேண்டியிருந்தது: ரிசீவர் முன் ஸ்பீக்கர்களைத் தானாகவே 'பெரியது', அதாவது ஆழ்ந்த ஒலியையும் தாங்கும் என்று குறித்திருந்தது. 'சிறியது' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஆழ்ந்த ஒலியை அதற்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு அனுப்பினேன். அதற்குச் சொந்த ஆம்ப்ளிஃபயர் இருப்பதால், ரிசீவரின் தலைப்பாரம் இறங்கியது. மேல்மூடியின் சூடே குறைந்தது.

சூடு என்றதும் ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழையதை மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தேன். படத்தின் நடுவில் இருமுறை தானாக அணைந்தது. பின்பலகையைக் கழற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது நான் மதிக்காத இன்னொன்று, ப்ரீ-அவுட்: வெளி ஆம்ப்ளிஃபயரை இணைப்பதற்கான துளை. பழையதில் அது கிடையாது. புதியதில் இருப்பதால், சென்ற ஆண்டு முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்த்தேன். ரிசீவரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்த 150 வாட் ரிசீவர் இப்போது படுக்கையறையில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை இயக்குகிறது. அங்கே அதன் ஒலியளவை இதுவரை பாதிக்கு மேல் வைத்ததில்லை.