பிளெக்கோ தொட்டிக்குச் சுடுமண் குகை: எதைப் பார்த்து வாங்குவது?

ஜீப்ரா (எல்-046), எல்-333 போன்ற பிளெக்கோக்களுக்குத் (உறிஞ்சும் வாயுள்ள கெளுத்தி வகை வளர்ப்பு மீன்கள்; 'எல்' எண் அவற்றின் வகையைக் குறிக்கும்) தொட்டி அமைக்கிறீர்களா? முதலில் நல்ல ஃபில்டர், அடுத்தது குகை; இவை முட்டையிடுவது அதற்குள்தான். அலங்காரமெல்லாம் அப்புறம்தான். ஒரு முனை அடைத்த, அடிப்பக்கம் தட்டையான சுடுமண் குகைதான் எங்கள் தேர்வு. பிவிசி குழாயும் வேலைக்கு ஆகும். ஆனால் எடை இல்லாததால் உருளும், உள்ளே வழுக்கும்.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எட்டு செ.மீ. மீனுக்கு 12 முதல் 15 செ.மீ. நீளம், சுமார் 4 செ.மீ. அகலம் போதும். ஆண் மீன் உள்ளே போனால் இரு பக்கத் துடுப்பும் சுவரைத் தொட வேண்டும். அகலம் கூடினால் பெண் மீன் முட்டையிடும் முன்பே நழுவி வெளியே வந்துவிடும். முட்டைக் கொத்தும் வெளியே உருண்டுவிடும்.

வாங்கியதும் வாய்ப்பகுதியில் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் துடுப்பும் கிழியும். உப்புத்தாள் போட்டு மழுக்குங்கள். பிறகு நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மணல் கொட்டும் முன்பே குகையைக் கண்ணாடித் தரையில் வையுங்கள். மணல்மேல் வைத்தால் மீன் அடியில் தோண்டும், குகை சரியும். 28–30 டிகிரி வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் நீரோட்டம் குகை வாயருகே போகட்டும். ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) கட்டாயம். ஆண்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குகை கூடுதலாக இருந்தால் சண்டை குறையும்.

குறை ஒன்று உண்டு: இருட்டான குகைக்குள் முட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். தூக்கிப் பார்க்காதீர்கள், மிரண்ட ஆண் முட்டையை வெளியே தள்ளிவிடும்.