அக்சில் ஸ்டட் ஒரே பக்கத்தில திரும்பத் திரும்ப உடையுதா? அடுத்த பில் கட்ட முதல் இதை வாசியுங்கோ

எங்கட வண்டி பழைய லாண்ட் குரூசர், 75 மொடல். கட்டைக்காட்டு வாடியில இருந்து மணலுக்கால மீன் பெட்டி ஏத்துறதுதான் அதுக்கு வேலை. பின்பக்கம் இடது சில்லில, அக்சில் ஃபிளாஞ்சை (அச்சுத்தண்டு நுனியில இருக்கிற வட்டத் தட்டை) ஹப்போட (சில்லு பூட்டுற நடுப்பகுதியோட) பிடிக்கிற ஸ்டட்டுகள் (மரை வெட்டின ஆணிகள்) உடைஞ்சுகொண்டே இருந்தது. யாழ்ப்பாணம் ரவுனுக்குள்ள ஒரு கராஜில காட்டினம். "மணலுக்க ஓடினா உடையும்தானே தம்பி" எண்டு ஒவ்வொரு முறையும் அதே கதை. பில்லில "ஒறிஜினல் ஸ்டட்", "பெயாரிங் சேர்விஸ்" எண்டு எழுதிக் காசு வாங்கினவை.

மணல்தான் காரணமெண்டா வலது பக்கம் ஏன் ஒருநாளும் உடையேல்லை? இதைக் கேட்டதுக்கு ஒரு மறுமொழியும் வரேல்லை.

கடைசியா பளையில அண்ணா பிறேக் மிதிக்க வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போச்சு. எதிரில பஸ் வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு இப்பவும் நெஞ்சு பதறுது.

பிறகு சாவகச்சேரியில வயசான ஒரு மெக்கானிக் பாஸிட்டைக் கொண்டு போனம். அவர் ஜக் அடிச்சு, சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். நல்லா ஆடிச்சு. கழட்டினா, பெயாரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நட் விரலால திரும்புது. உள்ளுக்கை காஞ்சுபோன கறுத்த கிறீஸ். சேர்விஸ் செய்த அடையாளமே இல்லை. பெயாரிங் ஆட்டத்தில ஒயிலை மறிக்கிற சீலும் போய், கியர் ஒயில் பிறேக் சூ முழுக்க ஊறிக் கிடந்தது. பிறேக் மிதிக்க ஒரு பக்கமா இழுத்ததும் அதாலதான்.

உடைஞ்ச ஸ்டட்டை வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினார். உடைஞ்ச முகத்தில பெரும்பகுதி மழமழப்பு, சிப்பி ஓட்டில இருக்கிற மாதிரி வளைஞ்ச வரிகள். ஓரத்தில மட்டும் சொரசொரப்பு. ஒரே இழுவையில முறிஞ்சதெண்டா முழுக்கச் சொரசொரப்பா இருக்கும். இது கனநாளா கொஞ்சங் கொஞ்சமா வெடிச்சு, மிச்சம் தாங்கேலாமல் போனது.

அவர் விளங்கப்படுத்தின விசயம் இதுதான்: எஞ்சின் இழுவையைத் தாங்க வேண்டியது ஸ்டட் இல்லை. ஸ்டட் ஃபிளாஞ்சை ஹப்போட அமத்திப் பிடிக்க, அந்த ரெண்டு முகமும் ஒண்டையொண்டு கவ்வுறதாலதான் சில்லு சுத்துது. ஹப் ஆடினா அந்தப் பிடி தளர்ந்து, ஃபிளாஞ் முன்னுக்கும் பின்னுக்கும் அசைஞ்சு ஸ்டட்டை வளைக்கும். எங்கட ஃபிளாஞ்சில அசைஞ்சு தேய்ஞ்ச சிவந்த தூள் அப்பியிருந்தது. ஓட்டைகளும் நீளுருண்டையா இழுபட்டுப் போச்சு. போதாக்குறைக்கு, ஸ்டட்டுக்கும் ஓட்டைக்கும் இடையில இடைவெளி இல்லாமல் இறுக்கிற கோன் வாசருகளைக் கழட்டி எடுத்துப்போட்டு, சாதாரண தட்டை வாசர் போட்டிருக்கினம். "ஒறிஜினல்" எண்டது இரும்புக்கடை மரைக்கம்பியை வெட்டினது. ஆணியின்ர பலத்தைக் காட்டுற 8.8, 10.9 எண்ட மாதிரி ஒரு குறியும் அதில இல்லை. எனக்கு அதைவிடக் கூடுதலாக் கோபம் வந்தது பெயாரிங் விசயத்தில. மலிவு ஸ்டட் போட்டது களவு. செய்யாத சேர்விஸுக்குக் காசு வாங்கி, பிறேக் பழுதாகிற வண்டியை றோட்டுக்கு விட்டது உயிரோட விளையாடினது.

பெயாரிங், சீல், பிறேக் சூ, ஃபிளாஞ், கோன் வாசர், சரியான ஸ்டட் எல்லாம் மாத்தி, முகங்களை ஒயில் இல்லாமல் துடைச்சுப் பூட்டினார். அதுக்குப் பிறகும் அதே மணலுக்கதான் ஓடுறம். ஒண்டும் உடையேல்லை.

பழைய கராஜ் காசு திருப்பித் தரமாட்டுதாம். பில்லுகளும் உடைஞ்ச சாமானுகளும் எங்கட கையில இருக்கு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்கிறம். அவையின்ர இலக்கம் 1977. உங்களுக்கும் இப்பிடி நடந்திருந்தா, கழட்டின சாமானைக் கராஜில விட்டிட்டு வராதேங்கோ.