விமான நிலையப் பஸ்: வரும்போது ஒரு கணக்கு, போகும்போது வேறு கணக்கு

விமானத்தை விட்டு இறங்கியதும் டாக்சி வரிசையைத் தாண்டி நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வெவ்வேறு ஊர்களில் இப்படிப் போய்வந்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: ஊருக்குள் வருவதற்குப் பஸ்ஸைப் போல நிம்மதியான வாகனம் வேறில்லை. விமானம் பிடிக்கப் போகும்போது மட்டும் அதே பஸ்ஸில் யோசித்து ஏற வேண்டும். போகவும் வரவும் ஒரே நேரக் கணக்கை வைத்துக்கொள்பவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

வரும்போது பஸ் அரை மணி நேரம் தாமதமானால் அசதி கூடும், அவ்வளவுதான். போகும்போது அதே அரை மணி விமானத்தையே தவறவிடச் செய்யும். பன்னாட்டுப் பயணங்களுக்குப் பல விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னதாகவே செக்-இன் கவுண்ட்டரை மூடிவிடுகின்றன. ஆகவே நான் பார்ப்பது விமானம் கிளம்பும் நேரத்தை அல்ல, கவுண்ட்டர் மூடும் நேரத்தை. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சரியாக வரும் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

இன்னொன்று, ஏறும் இடம். வீட்டுக்கோ விடுதிக்கோ பக்கத்தில் நிறுத்தம் இருந்தாலும், கூட்ட நேரத்தில் பஸ் புறப்படும் முதல் நிறுத்தத்துக்கே போய்விடுகிறேன். நடுவில் நிற்பவர்களுக்கு இடம் இருக்குமா என்பது பஸ் வந்த பிறகுதான் தெரியும். சொகுசுப் பஸ்களில் பெரும்பாலும் நின்றுகொண்டு பயணிக்க அனுமதி கிடையாது. நிறைந்துவிட்டால் நிற்காமலே போய்விடும். கையில் பெட்டியோடு சாலையோரம் நின்று, அந்தப் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்ப்பது போன்ற வேதனை வேறில்லை.

பயணம் எவ்வளவு நேரம் என்றுதான் பலர் முதலில் கேட்கிறார்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் அட்டவணையையே பார்க்க வேண்டாம். மணிக்கு ஒன்று என்றால் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதும் பயண நேரமே இரட்டிப்பாகிவிடலாம். ஐஸ்லாந்தில் ரயிலே கிடையாது. கெஃப்லாவிக் விமான நிலையத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தலைநகர் ரெய்க்யவிக்குக்கு, விமானங்கள் வந்திறங்கும் நேரத்தை ஒட்டியே பஸ்களை இயக்குகிறார்கள். பயணியை மனத்தில் வைத்துப் போட்ட ஏற்பாடு அது.

அடுத்து, எந்தப் பஸ் என்பது. ஹாங்காங் விமான நிலையத்தில் ஆங்கில எழுத்து ‘ஏ’ (A) என்று தொடங்கும் தடங்கள் நகருக்கு விரைவாகப் போகும். ‘இ’ (E) தடங்கள் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பணியிடங்களையும் தொட்டுக்கொண்டு மெதுவாக, குறைந்த கட்டணத்தில் போகும். பெரும்பாலான ஊர்களில் ஏதோ ஒரு வடிவில் இந்த இரண்டும் இருக்கின்றன. தோளில் ஒரு பை மட்டும் இருந்து, அவசரமும் இல்லையென்றால் எனக்குச் சாதாரணப் பஸ்தான் பிடிக்கும். வேலை முடிந்து வீடு திரும்பும் ஊழியர்களோடு உட்கார்ந்து வருகையில், ஒரு ஊரை அதன் இயல்பான முகத்தோடு பார்க்க முடிகிறது.

பெரிய பெட்டி இருந்தால் கதை வேறு. டோக்கியோவுக்கும் நரிட்டா விமான நிலையத்துக்கும் இடையே ஓடும் ‘லிமோசின்’ என்ற விமான நிலையப் பஸ்களில், நீங்கள் இறங்கும் இடத்தைக் கேட்டு, பெட்டியில் ஒரு சீட்டை மாட்டி, அதன் மறுபாதியை உங்கள் கையில் கொடுத்து, அடியிலுள்ள அறையில் அடுக்கிவிடுகிறார்கள். சாதாரணப் பஸ்ஸில் அந்தப் பொறுப்பு நம்முடையது. சக்கரப் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் முதல் பிரேக்கிலேயே நடைபாதையில் ஓடிவிடும். சக்கரங்கள் தரையில் படாதபடி பக்கவாட்டில் சாய்த்து, கைப்பிடியை உள்ளே தள்ளிவிட்டு, காலால் அணைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தால் நடுக்கதவுக்குப் பக்கத்து இருக்கை நல்லது. இறங்கும்போது யாரையும் இடிக்க வேண்டியதில்லை.

விமான நிலையங்கள்மீது எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. டாக்சிக்குக் கதவருகே இடம் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைக் கார் நிறுத்துமிடத்துக்கும் அப்பால் தள்ளிவிடுகிறார்கள். ஒரு நிலையத்தில் மேற்கூரை இல்லாத அந்தத் தூரத்தை ஒரு முதிய தம்பதி மழையில் பெட்டியை இழுத்துக்கொண்டு கடப்பதைப் பார்த்தேன். அதிகம் பேரை ஏற்றிச் செல்லும் வாகனம்தான் கதவுக்கு மிக அருகில் நிற்க வேண்டும்.

டிக்கெட் வாங்கும்போதே உங்கள் டெர்மினல் எண்ணைக் கையோடு வைத்திருங்கள்; பெரிய நிலையங்களில் பஸ் எல்லா டெர்மினலையும் சுற்றி வரவே கணிசமான நேரம் ஆகும். கடைசிப் பஸ் எப்போது என்பதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிடுகிறேன். தரையிறங்கும் நேரத்துக்கும் அதற்கும் இடையே ஒன்றரை மணி நேரமாவது இல்லையென்றால், அன்று வேறு வாகனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவேன்.