வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸுக்கு நெட்டில் நம்பர் தேடுபவர்கள் தயவுசெய்து படியுங்கள்: எங்கள் 8,850 ரூபாய் போய்விட்டது

குடிக்கிற தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்தி எங்களிடம் 8,850 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். இன்று மத்தியானம்தான் முழு விஷயமும் வெளியே வந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பு, போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், குழாய் வாயில் உப்பு கட்டிக்கொள்ளும். உப்பை வடிகட்டுகிற ஆர்.ஓ. மிஷின் இல்லாமல் இங்கே குடித்தனம் நடத்த முடியாது, அல்லது கேன் தண்ணீருக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. டிவி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

எங்கள் வீட்டில் ஒரு பொருளைப் பிடித்துவிட்டால் விடமாட்டோம். என் மாமியார் இன்றைக்கும் வேட்டிக்கு உஜாலாதான் போடுவார். காப்பித்தூள் மாம்பலத்தில் ஒரே கடையில்தான் அரைத்து வர வேண்டும். ஐந்து ரூபாய் குறைச்சல் என்று வேறு சோப்பு வாங்கி வந்தால், "பழகினதை ஏன் மாத்தறே?" என்று கேட்பார். எனக்கும் அது பிடிக்கும். பெயர் தெரிந்த பொருளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நிம்மதி இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். பழைய பியூரிஃபையர் ஆயுசு முடிந்தபோது கடைக்காரர் பாதி விலைக்கு அசெம்பிள்டு மிஷின் காட்டினார். வேண்டாம் என்று சொல்லி, அதே கம்பெனியின் புது மாடலையே எடுத்தோம். விளம்பரத்தில் அந்த அம்மா குழந்தைக்குத் தம்ளரை நீட்டுவாள், கிருமியெல்லாம் பொடிப் பொடியாகத் தெறித்து ஓடும். வருஷக்கணக்காக அதைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை அது. அந்தப் பெயரைத்தான் எவனோ சட்டையில் குத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறான்.

போன மாசம் மிஷினில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மிஷின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கம்பெனி நம்பர் ஈரம் பட்டு அழிந்துபோயிருந்தது. போனில் கம்பெனி பெயரும் "சர்வீஸ் சென்னை" என்றும் போட்டுத் தேடினேன். முதலில் வந்ததே அந்தப் பெயர்தான். அதே லோகோ, அதே நீல நிறம், "அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்" என்று கொட்டை எழுத்தில். மேலே ஓரத்தில் பொடி எழுத்தில் "விளம்பரம்" என்று ஒரு சொல் இருந்ததை இன்றைக்குத்தான் பெரிதுபண்ணிப் பார்த்தேன். அப்படி வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

போன் அடித்தால், விளம்பரத்தில் வருகிற அதே இசை காலர் ட்யூனாக ஓடியது. பிறகு ஒரு பெண் குரல், கம்பெனி பெயரைச் சொல்லி "கஸ்டமர் கேர், வணக்கம் மேடம்" என்றது. மாடல் என்ன, வாங்கி எத்தனை வருஷம், எந்த ஏரியா, போர் தண்ணீரா மெட்ரோ தண்ணீரா என்று எல்லாம் முறையாகக் கேட்டாள். கம்ப்ளெயின்ட் நம்பர் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. "விசிட்டிங் சார்ஜ் கிடையாது மேடம், இந்த மாசம் ஆஃபர்." இதைவிட முறையாக ஒரு கம்பெனி எப்படிப் பேசும்?

வந்தவனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். கம்பெனி லோகோ போட்ட டீ-சர்ட், கழுத்தில் ஐடி கார்டு. கார்டைக் காட்டச் சொன்னேன், காட்டினான். போட்டோ, பெயர், முத்திரை எல்லாம் இருந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றினான். "மேடம், பழைய பேப்பர் இருந்தா குடுங்க, தரை நனையும்" என்றான். என் மாமியாரைப் பார்த்து "பாட்டி, மாத்திரை போடறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி புடிச்சு வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரம் ஆகும்" என்றான். அத்தைக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. வெயிலில் வந்திருக்கிறானே என்று மோர் கரைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் அவன் வேலையை ஆரம்பித்தான். எனக்கு மனசு ஆறாதது அந்த மோர்தான்.

மூடியைக் கழற்றியதும் ஸ்க்ரூடிரைவரால் உள்ளே எதையோ திருகினான். சுத்தம் பண்ணுகிறான் என்று நினைத்தேன். பிறகு பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற கருவியை, தம்ளரில் வைத்து 412 என்று காட்டினான். "மேடம், இது குடிக்கிற தண்ணியே இல்ல. மெம்பரேன் போயிடுச்சு." மிஷினுக்குள் உப்பை வடிகட்டுகிற சவ்வைத்தான் அப்படிச் சொன்னான். அடுத்து பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். அதில் நான்கு கம்பிகள் தொங்கும், கரண்டில் சொருகலாம். ஒரு தம்ளரில் எங்கள் மிஷின் தண்ணீர், இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகளை உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டான். ஒரு நிமிஷத்தில் எங்கள் தம்ளர் பழுப்பாகி, மேலே கரும்பச்சையாக நுரை தள்ளியது. அவனுடையது அப்படியே தெளிவாக நின்றது. "இதைத்தான் தினமும் பாட்டி குடிக்கிறாங்க" என்றான். அத்தை முகம் செத்துவிட்டது. அவருக்கு பி.பி. உண்டு. "எவ்வளவானாலும் மாத்திடு தம்பி" என்று அவரே சொல்லிவிட்டார்.

மெம்பரேன் 3,200. செடிமென்ட், கார்பன் ஃபில்டர் செட் 1,650. பம்ப் வீக்காக இருக்கிறது என்று பம்ப் 2,500. ஒரு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., 1,500. மொத்தம் 8,850. பில் கேட்டேன். லோகோ போட்ட புத்தகத்தில் எழுதிக் கொடுத்தான். ஜிஎஸ்டி நம்பர் எங்கே என்றேன். "கம்பெனி பில் மெயில்ல வரும் மேடம்." யுபிஐயில் அனுப்பும்போது கம்பெனி பெயர் வரவில்லை, ஏதோ ஒரு ஆள் பெயர் வந்தது. "அது எங்க ஃப்ரான்சைஸ் ஓனர்" என்றான். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் தயாராக இருந்தது. பழைய மெம்பரேனைக் "கம்பெனியில் ஒப்படைக்கணும்" என்று எடுத்துக்கொண்டு போனான். போகும்போது மீட்டரை வைத்து 38 என்று காட்டினான். அத்தை அவனை வாழ்த்தி அனுப்பினார்.

மூன்றாம் வாரம் தண்ணீர் மறுபடி கரித்தது. அப்போது ஆரம்பித்த அலைச்சல் இன்னும் முடியவில்லை.

முதலில் அதே பெண், அதே இனிப்பான குரல். "நாளைக்கு இன்ஜினியர் வருவார் மேடம்." நாளை வந்தது, ஆள் வரவில்லை. "உங்க ஏரியா பையன் லீவு." பிறகு "உங்க ஏ.எம்.சி. சிஸ்டத்துல ஏறலையே மேடம், பில் போட்டோ அனுப்புங்க." அனுப்பினேன். "இது வேற ப்ராஞ்ச் பில், அங்க கேளுங்க." அந்த ப்ராஞ்ச் நம்பர் என்ன? "சொல்றேன், லைன்ல இருங்க." லைன் கட். அடுத்து என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார்கள். என் கணவர் போனிலிருந்து அடித்தால் முதல் மணியிலேயே எடுத்து, "கஸ்டமர் கேர், வணக்கம் சார்" என்று புதுசாக ஆரம்பிக்கிறாள். 8,850 ரூபாய் என்று சொன்னதும் வைத்துவிட்டாள். பில்லில் இருந்த முகவரி "அண்ணா நகர், சென்னை". தெரு கிடையாது, கதவு எண் கிடையாது.

மிஷின் வாங்கிய கடையில் போய்ப் பழைய வாரன்ட்டி அட்டையின் நகலைத் தேடி வாங்கி, உண்மையான கம்பெனிக்குப் பேசினேன். "அது எங்க சர்வீஸ் சென்டர் இல்ல மேடம்." சரி, உங்கள் பெயரையும் லோகோவையும் போட்டு ஊரை ஏமாற்றுகிறார்களே, நடவடிக்கை எடுக்க மாட்டீர்களா என்றேன். "ஃபீட்பேக்கா நோட் பண்ணிக்கிறோம்." அதோடு, வெளி ஆள் கைவைத்ததால் வாரன்ட்டி போயிற்றாம். அவர்கள் ஆள் வந்து பார்ப்பதற்கும் தனியாகக் காசு. இத்தனை வருஷம் பிடிவாதமாக அவர்கள் பொருளையே வாங்கிய வீட்டுக்கு அவர்கள் சொன்னது இவ்வளவுதான். விளம்பரத்தில் "உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்" என்கிற தொனியில் பேசுகிறார்களே, அது டிவியோடு சரி.

பேங்கில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பின பணம், நாங்க எதுவும் பண்ண முடியாது." அந்த விளம்பரத்தைக் காட்டிய தேடுதளத்தில் புகார் எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. இதை எழுதும் இந்த நேரத்திலும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். காசு கொடுத்தால் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டு முதல் இடத்தில் நிற்கலாமா? சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தேன். மரியாதையாகப் பேசினார்கள், புகாரைப் பதிந்துகொண்டார்கள். பணம் போன உடனே சொன்னால்தான் அந்தக் கணக்கை முடக்கிப் பிடிக்க வழி அதிகம் என்றார்கள். ஏமாந்ததே வாரங்கள் கழித்துத்தானே தெரிகிறது!

இன்று மத்தியானம் எங்கள் தெருமுனையில் பம்ப், மோட்டார் ரிப்பேர் பார்க்கிற அண்ணனைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினேன். அவர் சொன்னதைக் கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் வந்ததும் திருகியது டிடிஎஸ் கன்ட்ரோலராம். சுத்தமான தண்ணீரோடு மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிற சின்ன வால்வு. அதைத் திறந்துவிட்டால் எந்த மிஷினிலும் ரீடிங் ஏறும். ஏற்றிக் காட்டிவிட்டு, பிறகு மூடிவிட்டு 38 என்று காட்டியிருக்கிறான். அதுவும் அந்த 412-ஐ வைத்துத்தானே குடிக்கவே லாயக்கில்லை என்றான்? குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தர விதியில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றே போட்டிருக்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஒரு கிழவியைப் பயமுறுத்த அவன் காட்டிய எண்ணே விதிக்கு உட்பட்டது!

அந்தக் கம்பிப் பெட்டி இன்னும் மோசம். கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு அரிக்கும். தம்ளரில் மிதந்தது அந்தக் கம்பியின் துரு, தண்ணீரின் அழுக்கு இல்லை. இளநீரில் வைத்தாலும் நிறம் மாறும் என்றார் அண்ணன். உப்பே இல்லாத தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால்தான் அவன் பாட்டில் தண்ணீர் தெளிவாக நின்றது. பத்தாம் வகுப்பு படிக்கிற என் பையன் இதைக் கேட்டுவிட்டு, "அம்மா, இது எங்க கெமிஸ்ட்ரி பாடம்" என்றான்.

3,200 ரூபாய் மெம்பரேனில் கம்பெனி பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சரக்காம். எங்களுடைய பழைய மெம்பரேன் அநேகமாக நன்றாகவே இருந்திருக்கும், ஃபில்டர் அடைத்ததால்தான் தண்ணீர் மெதுவாக வந்திருக்கும் என்கிறார். நல்லதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பம்ப்? மாற்றவே இல்லை. துடைத்துவிட்டு மேலே ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். பின்பக்கம் பொறித்த தேதி நாங்கள் மிஷின் வாங்கிய வருஷத்தையே காட்டுகிறது. ஒரு ஸ்டிக்கருக்கு 2,500 ரூபாய். இன்றைக்கு எங்கள் மிஷின் தண்ணீரின் ரீடிங் 640. அவன் வருவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசமான தண்ணீரை, சுத்தமானது என்று நம்பி அத்தை குடித்திருக்கிறார்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். 2019-ம் வருஷச் சட்டம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரை கட்டணம்கூடக் கிடையாது, எல்லாம் சரி. யார் மேல் போடுவது? முகவரியே இல்லாதவன் மேலா, "எங்க ஆள் இல்ல" என்கிற கம்பெனி மேலா, காசு வாங்கி விளம்பரம் போட்டவன் மேலா? நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். கம்பெனியையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். தன் பெயரைப் பதியவைக்கக் கோடி கோடியாகச் செலவு பண்ணுகிறவர்கள், அந்தப் பெயரால் ஊர் ஏமாறும்போது பேசாமல் இருப்பது எந்த நியாயம்?

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சர்வீஸ் நம்பரை நெட்டில் தேடாதீர்கள். வாரன்ட்டி அட்டை, பில், அட்டைப்பெட்டி, இதில் இருப்பதை மட்டும் அடியுங்கள், இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். கம்பிப் பெட்டியை எடுத்தால் அப்போதே வெளியே அனுப்புங்கள். டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், சொந்தமாக ஒன்று வாங்கி, மூடியைக் கழற்றும் முன்பே நீங்கள் அளந்துவிடுங்கள். பழைய பாகம் எதையும் கொடுத்து அனுப்பாதீர்கள். யுபிஐயில் ஆள் பெயர் வந்தால் காசு அனுப்பாதீர்கள். போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே 1930.

மூன்றாவது மாடி அக்காவும் அதே நம்பருக்குத்தான் போன் போட்டிருக்கிறாராம், சாயங்காலம் ஆள் வருகிறானாம். மேலே போகிறேன்.