டிஷ்வாஷரில் கரண்ட் ஏறவில்லையா? நாமே பார்ப்பதா, ஆளைக் கூப்பிடுவதா, போர்டை மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

பட்டனை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை. இப்படி மொத்தமாக அடங்கிப்போன டிஷ்வாஷரைப் பார்த்ததும் பலர் வாயில் முதலில் வருவது, "போர்டு போயிருக்கும்." போர்டு என்பது மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் பலகை. அதன் பெயரைக் கேட்டதும் பெரிய செலவு கண்ணில் தெரியும். அந்தச் செலவுக்குப் புது மெஷினே வாங்கிவிடலாமே என்ற யோசனையும் கூடவே வந்துவிடும். இந்த அவசரத்தில் நல்ல மெஷின்கள் குப்பைக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரண்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்கக் கூடாது. பம்ப் தேய்ந்து, உள்தொட்டி துருப்பிடித்த மெஷின் வேறு. கரண்ட் மட்டும் ஏறாத மெஷின் வேறு.

ஒப்பிடுவதற்கு முன் நோய் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். டிஸ்ப்ளே எரிகிறது, ஓட மட்டும் மறுக்கிறது என்றால் அது கரண்ட் பிரச்சினை இல்லை. கதவின் கொக்கி சரியாக விழாததோ, சைல்டு லாக்கோ, தாமதமாகத் தொடங்கும்படி வைத்த நேரமோ காரணமாக இருக்கலாம். நன்றாகத் தொடங்கி, தண்ணீர் சூடாகும் கட்டத்தில் வீட்டு பிரேக்கரைத் தட்டிவிடுகிறது என்றால் ஹீட்டரில் கரண்ட் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக்காமல் வெறுமனே அலசும் புரோகிராமில் அதே மெஷின் சமர்த்தாக ஓடினால் சந்தேகம் ஹீட்டர் மேல் இன்னும் வலுக்கும். இந்த இரண்டும் இல்லாமல், எதற்குமே அசையாமல் கிடக்கும் மெஷினைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

சுவரில் கோளாறா, மெஷினில் கோளாறா?

எல்லோரும் செய்யும் சோதனை, அதே சாக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது. அது போதாது. சார்ஜர் இழுக்கும் கரண்ட் சொற்பம். கருகிப்போன தொடர்பு வழியாகக்கூட அது ஓடிவிடும். டிஷ்வாஷர் ஹீட்டர் பெரும்பாலும் 1800 முதல் 2000 வாட் வரை இருக்கும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 8, 9 ஆம்பியர். அதனால் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கெட்டில் மாதிரி கனமான ஒன்றைச் செருகிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் டிஷ்வாஷர் பிளக்கை உருவி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகி, கருகின வாடை வந்தால் அங்கே தளர்வான தொடர்பு பல நாளாகச் சூடாகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அந்த நிலையில் சோதனையெல்லாம் வேண்டாம். பிளக், சாக்கெட் இரண்டையும் எலெக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிட வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

பிளக் இல்லாமல் நேரடியாக வயர் இழுத்துப் பொருத்திய மெஷின் என்றால், முன்பக்க அடித்தகட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய ஜங்ஷன் பெட்டி இருக்கும். அங்கே முறுக்கி மூடிய இணைப்புகள் கருகிப்போவது அடிக்கடி நடப்பது. பிரேக்கரை இறக்கிவிட்டு, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு திறக்கலாம். எர்த் கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கரோ சாக்கெட்டோ ட்ரிப் ஆகிக் கிடக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

சின்னப் பாகங்கள்: தெர்மல் ஃபியூஸ், கதவு ஸ்விட்ச், கதவு வயர்

சுவர்ப் பக்கம் சுத்தம் என்றால் அடுத்து மெஷினுக்குள். இங்கே நாமே செய்வதற்கும் ஆளைக் கூப்பிடுவதற்கும் உண்மையான போட்டி வருகிறது. என் அளவுகோல் எளிது. பிளக்கை உருவி வைத்துக்கொண்டு அளக்கக்கூடியது எல்லாம் கை பழகிய ஒருவர் வீட்டிலேயே செய்யலாம். கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டியது எதுவானாலும் அது டெக்னீசியன் வேலை. தண்ணீர், உலோக உடம்பு, மெயின் கரண்ட் மூன்றும் ஒரே இடத்தில் சேரும் மெஷின் இது. இதில் துணிச்சலுக்கு இடமே இல்லை. வாரண்டி இருக்கிறதென்றால் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள்.

கதவின் உள்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினால் முன்தகடு தனியாக வந்துவிடும். அப்போது கதவின் எடை குறைந்து, இருபக்க ஸ்பிரிங்கும் அதை வெடுக்கென்று மேலே இழுக்கும். ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வேலை பார்ப்பது நல்லது. தகட்டின் ஓரம் பிளேடு போலக் கூராக இருக்கும், கையுறை கட்டாயம்.

தெர்மல் ஃபியூஸ் எல்லா மெஷினிலும் கிடையாது. இருக்கும் மெஷின்களில் பெரும்பாலும் கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னால், போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் ஒரே ஒரு முறை அறுந்து மெஷினையே அணைத்துவிடுவதுதான் அதன் வேலை. தானாக மறுபடி ஒட்டாது. ஒரு பக்க வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொட்டால், நல்ல ஃபியூஸ் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்; அறுந்தது எதையும் காட்டாது. மாற்றுவது சில நிமிட வேலை. கேள்வி அதோடு முடிவதில்லை, ஏன் சூடானது? பக்கத்தில் இருக்கும் டெர்மினல் தளர்ந்திருக்கலாம், போர்டில் ஒரு இணைப்பு கருகியிருக்கலாம். அதைப் பார்க்காமல் ஃபியூஸை மட்டும் போட்டால் புதியதும் போகும். ஃபியூஸை விட்டுவிட்டு இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிடும் 'வைத்தியம்' ஒன்று உண்டு. அதைச் செய்யவே கூடாது. தீப்பிடிக்காமல் காக்க வைத்த காவலை நாமே எடுத்துவிடுவது அது.

கதவு ஸ்விட்ச் அப்படிப் பயமுறுத்துவதில்லை. சில மாடல்களில் மட்டுமே அது மொத்தக் கரண்டையும் நிறுத்தும். கொக்கியை விரலால் அழுத்தினால் 'டிக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். சத்தம் மழுங்கியிருந்தால் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது கதவுக்குள் போகும் வயரை. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கீல் அருகே அந்த வயர் மடங்குகிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை கீறல்கூட இல்லாமல் இருக்கும். கதவைப் பாதி சாய்த்த நிலையில் டிஸ்ப்ளே ஒரு கணம் மினுக்கி அணைந்தால் சந்தேகத்தை இங்கே வையுங்கள். பிளக்கை உருவிவிட்டு, மீட்டரை வயரின் இரு முனையிலும் வைத்துக்கொண்டு கதவை மெதுவாக அசைத்தால் அறுந்த இடத்தில் அளவு குதிக்கும். இந்த ஒரு கோளாறுக்காக நல்ல போர்டுகள் மாற்றப்படுவது வருத்தமான விஷயம்.

போர்டு: புதியதா, பழையதா, பழுது பார்த்ததா?

இத்தனையும் சரியாக இருந்து, போர்டு வரை கரண்ட் வந்தும் மெஷின் விழிக்கவில்லை என்று டெக்னீசியன் அளந்து சொன்னால் மட்டுமே இந்தப் பேச்சு.

புதுப் போர்டு நிம்மதி தரும் வழி, ஆனால் பெயர் மட்டும் பார்த்து வாங்க முடியாது. ஒரே மாடல் பெயரில் பல பதிப்புகள் இருக்கும். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முழு எண்ணும், போர்டில் அச்சிட்ட எண்ணும் பொருந்த வேண்டும். சில கம்பெனி மெஷின்களில் புதுப் போர்டைப் பொருத்திய பிறகு கம்ப்யூட்டர் இணைத்து மாடலைப் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். அந்த வகையில் நாமே வாங்கிப் போட்டால் பணமும் போய் மெஷினும் ஓடாது.

வேறொரு மெஷினிலிருந்து கழற்றிய பழைய போர்டு எனக்குப் பிடிக்காத வழி. அதில் இருக்கும் ரிலேயும், அதாவது கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சும், உங்கள் ரிலே அளவுக்கே உழைத்திருக்கும்.

பழுது பார்ப்பதற்கு நான் அதிக மதிப்பெண் தருகிறேன், ஒரு நிபந்தனையோடு. போர்டைக் கவிழ்த்து, ஹீட்டருக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயின் கால்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈயப் பொட்டைச் சுற்றி முடி அளவுக்குக் கருவளையம் தெரிந்தால் அது பற்று விட்ட இடம். கைதேர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் ஆள் சில நிமிடத்தில் புதிதாகப் பற்ற வைத்துவிடுவார். மின்னலோ வோல்டேஜ் ஏற்ற இறக்கமோ தாக்கிய போர்டில் நுழைவாயிலில் இருக்கும் வேரிஸ்டர், ஃபியூஸ் ரெசிஸ்டர், பவர் சப்ளை ஐசி இவைதான் முதலில் அடிவாங்கும்; தனித்தனியாக மாற்றக்கூடியவை. ஆனால் போர்டின் பலகையே கரியாகியிருந்தால் நிபந்தனை உடைகிறது. கரி கரண்டைக் கடத்தும். மேலே என்ன பற்ற வைத்தாலும் நிற்காது. போர்டு முழுக்கப் பிசின் ஊற்றி மூடியிருந்தாலும் அதே கதைதான். இந்த இரண்டிலும் புதியதுதான் வழி.

டெக்னீசியன் "போர்டு போச்சு" என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள்: எந்த இடத்தில் எவ்வளவு வோல்ட் வந்தது, கழற்றிய போர்டை எனக்கே தருவீர்களா. அளந்து பார்த்தவர் இரண்டுக்கும் தயங்க மாட்டார்.

புது மெஷின் எப்போது நியாயம்?

கரண்ட் கோளாறு ஒன்றுக்காக மட்டும் நான் புது மெஷினுக்கு ஓட்டுப் போட மாட்டேன். அதோடு சேர்ந்து, ஓடும்போது மோட்டாரில் இரைச்சல், உள்தொட்டியில் துரு, அடியில் கசிவு என்று ஏற்கெனவே இருந்தால் அது வேறு கணக்கு. பாகம் கிடைக்குமா என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டுகளுக்குப் போர்டு, பம்ப், ஹீட்டர் போன்றவை தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கதவு ரப்பர், தெளிப்புக் கை, வடிகட்டி போன்றவை வீட்டுக்காரருக்கே குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும். போர்டைத் தொழில்முறைப் பட்டியலில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட விதி இல்லாத இடத்தில், மாடல் எண்ணைச் சொல்லிப் பாகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பிரிக்கவே தொடங்க வேண்டும்.

எந்த வழியில் உயிர் வந்தாலும் முதல் ஓட்டத்தைக் காலியாக, சூடான புரோகிராமில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஓட்டுங்கள். ஹீட்டர் இருபது நிமிடம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, புறங்கையைப் பின்களுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. அனல் அடித்தால் சாக்கெட்டைச் சரிசெய்யும் வரை மெஷினைத் திரும்பச் செருக வேண்டாம்.