டெல்டாவில் உட்கார்ந்து சுட எது தோது? கால் ஆஃப் டூட்டி மொபைல், பி.ஜி.எம்.ஐ., கவுண்டர் ஸ்ட்ரைக் 2, பேட்டில்ஃபீல்ட் 6

இந்த நாலு துப்பாக்கிச் சண்டை கேம்களில் எதை விளையாடலாம் என்ற முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு போய்விடலாம். கையில் போன் மட்டும்தான் என்றால் கால் ஆஃப் டூட்டி மொபைல். 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர், வீட்டுக்கு ஃபைபர், கூடவே இன்வெர்ட்டர், மூன்றும் இருந்தால் கவுண்டர் ஸ்ட்ரைக் 2. உங்கள் செட்டு மொத்தமும் ஏற்கெனவே பி.ஜி.எம்.ஐ.யில் (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) இருந்தால் அங்கேயே இருங்கள், தனியாளாக மாறிப் பயனில்லை. பேட்டில்ஃபீல்ட் 6 அருமையான கேம்தான். ஆனால் அதை ஓட்டுகிற மாதிரி கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் இந்நேரம் அதை வாங்கி விளையாடிக்கொண்டிருப்பார்.

யூடியூபில் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கிராஃபிக்ஸையும் ஃபிரேம் கணக்கையும் (திரையில் வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது) காட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நீடாமங்கலத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ இருந்து விளையாடுகிறவருக்கு அது நாலாவது கவலை. முதல் கவலை கரண்ட். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் எப்போது போகும், எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. அடுத்தது நெட். கேபிள்காரர் கம்பத்துக்குக் கம்பம் இழுத்து, நடுவில் ஒரு தென்னை மரத்திலும் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த ஃபைபர் அது. காற்றில் ஒரு மட்டை விழுந்தால் அன்றைக்கு ரேங்க் ஏற்றும் வேலை அவ்வளவுதான். மூன்றாவது, யாரோடு விளையாடுகிறோம் என்பது. ஆன்லைன் கேமில் பாதி கேமே அதுதான்.

கரண்ட்டிலிருந்து ஆரம்பிப்போம். கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் போட்டி மேட்ச் ஐந்துக்கு ஐந்து. முதலில் 13 ரவுண்டு ஜெயிக்கிற அணிக்கு வெற்றி. ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 வினாடி, பாம் வைத்துவிட்டால் அதன்மேல் 40 வினாடி. இழுபறியான மேட்ச் என்றால் முக்கால் மணி நேரம் வரை போகும். நடுவில் கரண்ட் போய் நீங்கள் திரும்பி வரவில்லை என்றால் ஓடிப்போனவர் கணக்கில் சேர்த்து, அடுத்த மேட்சுக்குத் தடை போடும். முதல் தடவை அரை மணி நேரம், அப்புறம் 2 மணி நேரம், 24 மணி நேரம், கடைசியில் 7 நாள். வேதாரண்யத்தில் புயல் அடிக்கிறது என்பதெல்லாம் அந்த சர்வருக்குத் தெரியாது. உங்களை நம்பி வந்த நாலு பேர் ஐந்து பேரோடு மோதிச் சாக வேண்டியதுதான். அதனால்தான் இன்வெர்ட்டரையும் கணக்கில் சேர்த்தேன். ரூட்டரும் கம்ப்யூட்டரும் அதில் ஓட வேண்டும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் வயர் இழுத்த இன்வெர்ட்டரால் இந்த விஷயத்தில் உபயோகமில்லை.

கால் ஆஃப் டூட்டி மொபைலில் இந்தத் தலைவலி குறைவு. ஐந்துக்கு ஐந்து மேட்ச் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். போனில் சார்ஜ் இருக்கும். வைஃபை போனால் சிம் டேட்டாவுக்குத் தாவிக்கொள்ளலாம், ஓரிரு தடவை செத்தாலும் மேட்சுக்குள் திரும்பிவிடுவீர்கள். எனக்கு இந்த ஒன்றே பாதி தீர்ப்பு.

மீதிப் பாதி கேம் எப்படி இருக்கிறது என்பது. கால் ஆஃப் டூட்டி மொபைல் 2019 அக்டோபர் 1-இல் வந்தது. செய்தது சீன நிறுவனமான டென்சென்ட்டின் டிமி ஸ்டூடியோ, வெளியிட்டது ஆக்டிவிஷன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காலேஜ் ஹாஸ்டலில் லேன் கேபிள் இழுத்து கால் ஆஃப் டூட்டி 4 ஆடியவர்களுக்கு இதில் ஒரு குஷி உண்டு. அந்த 2007 கேமின் கிராஷ், கிராஸ்ஃபயர் மேப்புகள் அப்படியே போனுக்கு வந்திருக்கின்றன. எந்த ஜன்னலில் ஸ்னைப்பர் படுத்திருப்பான் என்பது இன்னும் மறக்கவில்லை. நியூக்டவுன், ஃபயரிங் ரேஞ்ச், ரெய்டு எல்லாம் பிளாக் ஆப்ஸ் வரிசையிலிருந்து வந்தவை.

புதிதாக வருகிறவருக்கு இரண்டு விதக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒன்றில், எதிரி மேல் குறி விழுந்தால் துப்பாக்கி தானாகச் சுடும். இன்னொன்றில் எல்லாம் உங்கள் விரல்தான். முதல் வாரத்துக்கு மேல் தானியங்கியில் இருக்காதீர்கள், கை வளராது. 2020 ஆகஸ்டில் வந்த கன்ஸ்மித் வசதியில் ஒரு துப்பாக்கிக்கு ஐந்து உதிரிகள் வரை மாட்டலாம். பேரல், ஸ்டாக், மேகசின் என்று ஒவ்வொன்றும் ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும். இதில் மூழ்கினால் மேட்சை விட லாபியில்தான் அதிக நேரம் போகும். கீழ் ரேங்குகளில் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் நிஜ ஆட்களே இல்லை, கேமே ஆட்டிவைக்கும் ‘பாட்’ பொம்மைகள். இருபது கில் எடுத்துவிட்டோம் என்று முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டாம், பார்க்கிறவன் சிரிப்பான்.

குறையும் உண்டு. அப்டேட் அடிக்கடி வரும், மேப், ஸ்கின் (துப்பாக்கிக்கும் ஆளுக்கும் மாட்டும் அலங்காரம்) என்று எல்லாவற்றையும் இறக்கினால் போன் நிரம்பிவிடும். சித்திரை வெயிலில் தகர ஷீட் வீட்டில் விளையாடினால் போன் கொதித்து, ஃபிரேம் விழ ஆரம்பிக்கும். கிராஃபிக்ஸைக் குறைத்து ஃபிரேமை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், இந்த ரகக் கேமில் அழகை விட அதுதான் முக்கியம். கட்டை விரல் வியர்க்கிறவர்கள் ஃபிங்கர் ஸ்லீவ் மாட்டிக்கொள்ளலாம். எனக்கு உண்மையிலேயே பிடிக்காதது லக்கி டிரா, அதாவது காசு கட்டிச் சுற்றும் குலுக்கல். ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும், வேண்டிய துப்பாக்கி பெரும்பாலும் கடைசிச் சுற்றில்தான் விழும். வெறும் பெயின்ட்தானே என்றும் ஒதுக்க முடியாது. காசு கொடுத்து வாங்கும் சில துப்பாக்கிகளில் குறி பார்க்கும் இடம் சாதா துப்பாக்கியை விடத் துப்புரவாக இருக்கும். அப்பாவின் யு.பி.ஐ.யை இந்தப் பக்கம் காட்டாமல் இருப்பது நல்லது.

பி.ஜி.எம்.ஐ.யை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்பதே ஒரு வாதம். முதல் நபர் பார்வை என்றால் திரையில் துப்பாக்கியும் அதைப் பிடித்த கையும் மட்டும் தெரிய வேண்டும். பி.ஜி.எம்.ஐ.யில் அந்த முறை இருக்கிறது, ஆனால் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் மூன்றாம் நபர் முறையில்தான் இருக்கிறார்கள். வித்தியாசம் சின்னது இல்லை. மூன்றாம் நபரில் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தலையை நீட்டாமலே கேமராவைத் திருப்பி எதிரியைப் பார்த்துவிடலாம். முதல் நபரில் பார்க்க வேண்டுமென்றால் தலையை நீட்டியாக வேண்டும், நீட்டினால் அவனும் உங்களைப் பார்ப்பான். போர்க்களத்தின் பயம் அதில்தான் இருக்கிறது. பி.ஜி.எம்.ஐ.யே ஆடினாலும் ஒரு வாரம் முதல் நபரில் ஆடிப் பாருங்கள், கேம்ப் அடிக்கிறவர்கள் (ஒரே இடத்தில் ஒளிந்து காத்திருப்பவர்கள்) பாதியாகக் குறைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பி.ஜி.எம்.ஐ.யின் எரங்கெல் மேப் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர், 100 பேர், ஒரு மேட்ச் அரை மணி நேரம் வரை. பாதி நேரம் லூட் எடுப்பதிலும் (கிடக்கும் துப்பாக்கி, சாமான்களைப் பொறுக்குவது) வண்டி தேடுவதிலும் போகும். அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் அதன் பலம். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து கதை பேசுகிற நாலு பேருக்கு இதைவிடத் தோதான கேம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் என்ற கட்டுப்பாட்டோடு இங்கே வந்த கேம் இது. பையன் வயதைக் கூட்டிப் போட்டுவிட்டால் அதுவும் போச்சு.

அதன் ஜாதகத்தையும் மறக்க வேண்டாம். பப்ஜி மொபைலுக்கு 2020 செப்டம்பரில் தடை வந்தது. 2021 ஜூலையில் கிராஃப்டான் நிறுவனம் பி.ஜி.எம்.ஐ.யை இந்தியாவுக்கென்று தனியாகக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் இதுவும் ஆப் கடைகளிலிருந்து போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. டென்சென்ட் கை இருந்தும் கால் ஆஃப் டூட்டி மொபைல் இந்த ஆட்டம் எதிலும் மாட்டவில்லை. வருஷக்கணக்கில் சேர்த்த ரேங்கும் ஸ்கின்னும் ஒரு ராத்திரியில் காணாமல் போனதைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, கவுண்டர் ஸ்ட்ரைக் 2. சுடுவதை ஒரு கலையாக எடுத்துக்கொண்டால் இந்த நாலில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. கால் ஆஃப் டூட்டியில் ஓடிக்கொண்டே, சறுக்கிக்கொண்டே, குதித்துக்கொண்டே சுடலாம். இங்கே ஓடிக்கொண்டு சுட்டால் குண்டு எங்கோ போகும். நின்று சுட வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குண்டுகள் ஏறி விலகும் பாதை நிலையானது, அதைக் கை மனப்பாடம் செய்ய வேண்டும். ஏ.கே.-47 தலையில் ஒன்று பட்டால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் ஆள் காலி. எதிரணியின் எம்4 துப்பாக்கிக்கு அந்த யோகம் இல்லை. ஒரு கில்லுக்கும் ஒரு தோல்விக்கும் நடுவில் ஒரே ஒரு குண்டு என்பதால் உள்ளங்கை வியர்க்கிற கேம் இது.

அப்புறம் அதன் காசுக் கணக்கு. கேமுக்குள் மட்டும் செல்லும் 800 டாலரோடு ஆரம்பிக்கிறீர்கள், அதில்தான் துப்பாக்கி வாங்க வேண்டும். ஏ.கே. 2,700, ஸ்னைப்பர் ஏ.டபிள்யூ.பி. 4,750. தோற்றால் ஆறுதல் பணம் 1,400, தொடர்ந்து தோற்றால் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். குறுவை கைவிட்டது என்று தெரிந்ததும் இருக்கிற காசைச் செலவழிக்காமல் சம்பாவுக்கு நிறுத்திவைப்பதைப் போல, சில ரவுண்டுகளை வேண்டுமென்றே வெறும் பிஸ்டலோடு விட்டுக்கொடுக்க வேண்டும். ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் இது பலிக்கும். ஒருவன் மட்டும் வீம்புக்கு ஏ.கே. வாங்கினால் அடுத்த ரவுண்டும் சேர்ந்து போகும்.

இந்தப் பக்கத்துக்கு இதில் இன்னொரு லாபம், சென்னையிலேயே சர்வர். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒழுங்கான ஃபைபரில் பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதம்) பற்றிக் கவலையே வராது. கேம் இலவசம். ஆனால் பிரைம் என்ற கட்டணக் கணக்கு வாங்காமல் ஆடினால் ஏமாற்றுக்காரர்கள் தொல்லை தாங்காது. அதற்கு நிஜப் பணமாக 15 டாலர், ஒரே தடவைதான். கேமுக்கு 85 ஜிபி இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். தினம் 2 ஜிபி தரும் சிம்மில் இறக்கினால் வாரக்கணக்கில் ஆகும், ஆகவே ஃபைபர் உள்ள நண்பன் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள். இறக்கியபின் விளையாட ஆகும் டேட்டா சொற்பம்.

அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்பை வைத்துக்கொண்டு இது ஓடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடாது. ஆனால் அதில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடும். 2003-இல் வந்த பதிப்பு, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இன்றும் விற்கிறது. ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதில் ஐந்தாறு லேப்டாப்பை இணைத்து லேன் மேட்ச் ஆடலாம். வெளி நெட்டும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம், பேட்டரி நிற்கும் வரை டஸ்ட் 2 மேப்தான். கார்த்திகை மழையில் ஊரே இருட்டில் கிடக்கும்போது இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பேட்டில்ஃபீல்ட் 6 பற்றிச் சுருக்கமாக. 2025 அக்டோபர் 10-இல் வந்தது. 32 பேருக்கு 32 பேர், டாங்கி, ஹெலிகாப்டர், இடிந்து விழும் கட்டடங்கள். பட்டாளத்துப் போர் என்று சொன்னால் மனதில் வரும் படத்துக்கு இந்த நாலில் மிக நெருங்கியது இதுதான். சுடவே தெரியாதவரும் சப்போர்ட் என்ற உதவியாள் வேடத்தில் சேர்ந்து விழுந்தவர்களை எழுப்பிவிட்டே பெயர் வாங்கலாம், அது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் குறைந்தபட்சமே 16 ஜிபி ராமும் ஆர்.டி.எக்ஸ். 2060 ரக கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கிறது. கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியையும் ஆன் செய்தாக வேண்டும். விலை தயக்கம் இருந்தால், ரெட்செக் என்ற இலவசப் பகுதி அதே அக்டோபர் 28-இல் வந்தது. அதை இறக்கி உங்கள் கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.

கடைசியாக வெளிநாட்டு நண்பர்கள். மன்னார்குடி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் எந்தச் செட்டை எடுத்தாலும் ஒருவன் துபாயில், ஒருவன் சிங்கப்பூரில் இருப்பான். பி.ஜி.எம்.ஐ. இந்தியாவுக்கான பதிப்பு. வெளியே கிடைப்பது பப்ஜி மொபைல், கணக்கே வேறு. கால் ஆஃப் டூட்டி மொபைலில் வளைகுடாவுக்குப் போனவனுக்குப் பிரச்சினை இல்லை, நம்முடைய அதே உலகப் பதிப்புதான். சிங்கப்பூர், மலேசியா என்றால் அங்கே கரேனா நடத்தும் பதிப்பு கிடைக்கும், இங்கிருந்து கொண்டுபோன கணக்கு அதில் திறக்காது. ஆகவே விமானம் ஏறுமுன் போனில் இருக்கும் கேமை அழிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு ஸ்டீம் கணக்கு ஒன்றே போதும், எந்த நாட்டிலிருந்தும் ஒரே லாபியில் சேரலாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் அதற்கு சர்வர்கள் இருக்கின்றன. இடிப்பது நேரம்தான். துபாய்க்காரன் வேலை முடித்துச் சாப்பிட்டு உட்கார எட்டு மணி ஆகும், அப்போது இங்கே ஒன்பதரை, சிங்கப்பூரில் நள்ளிரவு. மூன்று ஊரும் சேர வேண்டுமென்றால் சனிக்கிழமையை ஒதுக்குங்கள்.